சித்தாள் கூலி: சம ஊதிய விவாதத்தில் விட்டுப்போன ஒரு சொல்

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற பேச்சு தமிழில் எப்போது எழுந்தாலும் இரண்டே இடங்களில் போய் நின்றுவிடுகிறது. ஒன்று சினிமா, இன்னொன்று கிரிக்கெட். ஹீரோவுக்கு அத்தனை கோடி, ஹீரோயினுக்கு ஏன் இவ்வளவுதான் என்று ஒரு தரப்பு கேட்கும். தியேட்டருக்குக் கூட்டம் யாரால வருது என்று இன்னொரு தரப்பு திருப்பிக் கேட்கும். அதோடு விவாதம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விடுவோம்.

கிரிக்கெட்டை மட்டும் கொஞ்சம் பார்க்கலாம், அதில் ஒரு பாடம் இருக்கிறது. 2022 அக்டோபரில் பிசிசிஐ, ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் இனி ஒரே போட்டிக் கட்டணம் என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். எல்லோரும் கைதட்டினோம், தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஆண்டு ஒப்பந்தத் தொகை ஆண்களின் உச்ச வகுப்புக்கு 7 கோடி, பெண்களின் உச்ச வகுப்புக்கு 50 லட்சம். அது அப்படியேதான் இருந்தது. பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு டெஸ்ட் கிடைத்தாலே அதிகம். ஒரு போட்டிக்கு எவ்வளவு என்ற விகிதம் சமமாகிவிட்டது. யாருக்கு எத்தனை போட்டி, யார் எந்த வகுப்பு என்று முடிவு செய்கிற மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற முழக்கத்தைத் தமிழ்நாட்டில் யாரிடமாவது சொன்னால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பெண்கள் அல்ல, இடைநிலை ஆசிரியர்கள். 2009 ஜூன் 1ஆம் தேதிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 5,200, அதற்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தால் 8,370. ஒரே பள்ளி, ஒரே பாடப்புத்தகம், ஒரே மூன்றாம் வகுப்பு. அவர்கள் கோரிக்கையின் நியாயம் யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும், ஏனென்றால் பக்கத்து வகுப்பறையில் ஒப்பிட ஆள் இருக்கிறார். வேலை ஒன்று என்பதை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குச் சிக்கலாகத் தெரிவது இந்த இடம்தான். நம் முழக்கத்தில் நாம் சண்டை போடுவதெல்லாம் ‘ஊதியம்’ என்ற சொல்லைச் சுற்றி. ‘வேலை’ என்ற சொல்லை யாரும் தொடுவதில்லை. எது வேலை, அது எந்த வகை வேலை, அதற்கு என்ன பெயர் என்று பெயர் வைப்பவர் கையில்தான் பாதிக் கூலி இருக்கிறது. இதைச் சொல்ல கோர்ட்டுக்கோ கிரிக்கெட் மைதானத்துக்கோ போக வேண்டாம். திருவண்ணாமலையில் கட்டடம் எழும்பும் ஏதாவது ஒரு மனைக்கு முன்னால் நின்றால் போதும்.

இங்கே மனைக்குப் பஞ்சமில்லை. கிரிவலப் பாதையை ஒட்டியும் அதன் உட்புறச் சாலைகளிலும் கடந்த இருபது இருபத்தைந்து வருஷங்களாக லாட்ஜ், ஆசிரமம், வெளியூர்க்காரர்களின் வீடு, வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை விடும் வீடு என்று கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பௌர்ணமிக்கு வரும் லட்சக்கணக்கான பேரில் சிலருக்காவது இங்கேயே ஒரு இடம் வாங்கிப் போட ஆசை வந்துவிடுகிறது. அந்தக் கட்டடங்களில் ஒரு சாதாரண நாளில் மூன்று வகை ஆட்களைப் பார்க்கலாம். கொத்தனார், பெரியாள், சித்தாள். மேலே மேஸ்திரி.

சித்தாள் என்றால் சிறிய ஆள். பெரியாளுக்கு எதிர்ப்பதம். வயதையோ உடம்பையோ வைத்து வந்த பெயர் போலத்தான் தெரிகிறது. சொல்லில் பெண் என்பதற்கு ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆனால் ஜெயகாந்தன் தன் குறுநாவலுக்கு ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்று தலைப்பு வைத்தபோது, போனது ஒரு பெண் என்று தமிழ் வாசகர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண் சித்தாள். பதினெட்டு வயதுப் பையன் பெரியாள். கூலியைக் கேட்டால் மேஸ்திரி கொஞ்சமும் தயங்காமல் சொல்வார்: கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு. கடைசித் தொகை எப்போதும் மற்ற இரண்டையும்விடக் கீழே. “ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலியா?” என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் இல்ல சார். பெரியாள் கூலி வேற, சித்தாள் கூலி வேற, அவ்ளோதான்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கு நோட்டில் ஆண், பெண் என்ற சொல்லே இருக்காது.

கூலி வித்தியாசத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் வழக்கமாக மூன்று. முதல் காரணம் கனம்: பெரியாள் சிமெண்ட் மூட்டை தூக்குகிறான், கடைக்கால் தோண்டுகிறான், சாரம் கட்டுகிறான், கலவை போடுகிறான். சித்தாள் சட்டி தூக்குவதோடு சரி.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. ஒரு கொத்தனார் ஒரு நாளில் 500 கல் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 500 கல்லும் தானாக நடந்து அவர் காலடிக்கு வருவதில்லை. சும்மாடு கட்டித் தலையில் எட்டும் பத்துமாக அடுக்கி, ஒருத்தி கொண்டு வந்து கொடுக்கிறாள். 500 கல் என்றால் ஒன்றரை டன். அதற்கான கலவை தனி; ஈரக் கலவை நிறைந்த பாண்டு சட்டியை வெறும் கையால் ஒரு முறை தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதெல்லாம் தரைத்தளத்தில் மட்டும். முதல் மாடி என்றால் கைப்பிடி இல்லாத படி, அல்லது பலகை. பெரியாள் தூக்கும் சிமெண்ட் மூட்டை 50 கிலோ, உண்மையிலேயே பெரிய கனம். நாளைக்குப் பத்து மூட்டை தூக்கினால் அரை டன். ஒரே தடவையில் எவ்வளவு தூக்க முடியும் என்று கேட்டால் பெரியாள் ஜெயிப்பார். நாள் முழுக்க எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டால் பதில் மாறும். முதல் கேள்வியை மட்டும் கேட்டு அதற்குக் கூலி நிர்ணயிப்பது என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். அதுதான் நான் சொல்ல வந்தது. கனத்தை அளக்க இரண்டு வழி இருக்கும்போது ஆணுக்குச் சாதகமான வழியே ‘இயற்கை’ என்று ஆகிவிடுகிறது.

மணல் சலிப்பது, கட்டிய சுவருக்குத் தண்ணீர் காட்டுவது, சாயங்காலம் சட்டியும் கரணையும் கழுவி வைப்பது, எல்லோருக்கும் டீ வாங்கி வருவது, இதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மேஸ்திரியும் சேர்ப்பதில்லை.

இரண்டாவது காரணம் நேரம். இதில் வயல் வேலையையும் கட்டட வேலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் பல ஊர்களில் காலையில் இறங்கி மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்குக் கரையேறிவிடுவார்கள். அங்கே விவசாயி “அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி” என்று சொன்னால் அதில் நியாயம் கொஞ்சம் உண்டு. மறுப்பதற்கில்லை. (ஆனால் அதே பெண்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவாகப் பேசி நடவுக்கு இறங்கும்போது அதே நேரத்தில் எவ்வளவு வேகமாக நடுகிறார்கள், ஆளுக்கு எவ்வளவு சேர்கிறது என்பதையும் அந்த விவசாயி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.) கட்டட வேலையில் இந்த வாதம் செல்லாது. கொத்தனார் வரும்போது சித்தாள் வந்திருக்க வேண்டும். அவர் கை கழுவிய பிறகுதான் அவள் கழுவ முடியும்.

மூன்றாவது காரணம்தான் கெட்டிக்காரத்தனமானது: திறமை. கொத்தனார் வேலை கற்றுக்கொள்ள வேண்டிய வேலை, சித்தாள் வேலைக்கு ஒன்றும் கற்க வேண்டாம். உண்மை. ஆனால் ஒப்பீடு கொத்தனாருடன் இல்லை, பெரியாளுடன். அந்தப் பதினெட்டு வயதுப் பையனும் இன்னும் ஒன்றும் கற்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால் அவன் கற்கப் போகிறான். கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரணையை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்ப்பான். கோணலாக இருந்தால் திட்டு வாங்குவான், நூல் பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் சொல்லித் தருவார்கள். நாலைந்து வருஷத்தில் கொத்தனார், அதிர்ஷ்டமிருந்தால் மேஸ்திரி. சித்தாள் அதே கொத்தனார் பக்கத்தில் இருபது வருஷம் நின்று, எந்த இடத்தில் எந்தக் கல் விழும், எவ்வளவு கலவை பிடிக்கும் என்று அவர் வாய் திறப்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்கிற அளவுக்குத் தேறியிருப்பாள். ஆனாலும் சித்தாள்தான். இருபது வயதில் வந்த அன்றும் ஐம்பது வயதில் முட்டி தேய்ந்து நிற்கிற அன்றும் அவள் வாங்குவது அந்தந்தக் காலத்தின் சித்தாள் கூலி.

ஆகவே ஒரு நாள் கூலியை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசத்தின் பெரும்பகுதி கண்ணில் படாது. முப்பது வருஷக் கூலியைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 39(டி) பிரிவு ஆண், பெண் இருபாலருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசு பின்பற்ற வேண்டிய கொள்கையாகச் சொல்கிறது. 1975இல் அவசரச் சட்டமாகவும் 1976இல் முழுச் சட்டமாகவும் சம ஊதியச் சட்டம் வந்தது. அதன் மையச் சொற்றொடர், ‘அதே வேலை அல்லது அதே தன்மையுள்ள வேலை’. உலகத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு 100ஆவது உடன்படிக்கை பேசுவது வேறு: ‘சம மதிப்புள்ள வேலை’. இந்தியா அந்த உடன்படிக்கையை 1958லேயே ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டுவிட்டு, சட்டம் எழுதும்போது மட்டும் குறுகலான சொல்லை எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. ‘அதே தன்மையுள்ள வேலை’ என்றால் சித்தாளுக்குப் பக்கத்தில் சட்டி தூக்கும் ஆண் ஒருவனைக் காட்ட வேண்டும். ‘சம மதிப்புள்ள வேலை’ என்றால் சட்டி தூக்குவதையும் கலவை போடுவதையும் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனாலும் நீதிமன்றம் ஒருமுறை இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மெக்கின்னன் மெக்கன்ஸி கம்பெனிக்கும் ஆட்ரி டி’கோஸ்டாவுக்கும் இடையிலான வழக்கு. கம்பெனியில் ஆண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஒரு சம்பளம், ‘லேடி ஸ்டெனோகிராபர்’களுக்குக் குறைந்த சம்பளம். பெண்கள் உயரதிகாரிகளுக்கு அந்தரங்க ஸ்டெனோவாக இருக்கிறார்கள், அது தனி வகை, அந்த வகையில் ஆண்களே இல்லை, ஆகவே பாகுபாடே இல்லை என்றது கம்பெனி. நம் மேஸ்திரி சொன்னதை கோட்டு சூட்டு போட்டுச் சொன்னால் இப்படித்தான் இருக்கும். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும் விகிதம்தான் இது என்றும் காட்டியது. (சங்கமும் கையெழுத்துப் போட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போய்விட முடியாது.) நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. ஒரு பணியிடத்தில் பெண்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்றால் நிர்வாகம் அவர்களை அங்கே வைக்க விரும்பியதுதான் காரணம், அந்த வழக்கத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது என்பது அதன் சாரம். கம்பெனியின் நிதி நிலைமை சரியில்லை என்ற சாக்கையும் தள்ளியது.

அந்த வாசகத்தைச் சித்தாளுக்குப் பொருத்திப் பாருங்கள், அப்படியே பொருந்தும். ஆனால் அவளுக்கு நியமன உத்தரவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, காகிதத்தில் முதலாளியே இல்லை. மேஸ்திரி மேல் வழக்குப் போட்டால் நாளைக் காலையில் அவளை வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை. சட்டத்தின் பயன் ஸ்டெனோகிராபர் வரை வந்து நின்றுபோனது இதனால்தான்.

அரசு தன் சொந்த ஏட்டில் என்ன செய்கிறது என்பது இன்னும் சுவாரசியம். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலை வைத்து எஸ்டிமேட் போடுபவர்களுக்கு ‘மஸ்தூர் I’, ‘மஸ்தூர் II’ என்ற இரண்டு வரிகள் நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் வேறு வேறு கூலி. முதல் வகை என்றால் ஆண், இரண்டாம் வகை என்றால் பெண் என்பதுதான் நடைமுறைப் புரிதல். ஏட்டில் பாலினம் இல்லை, எண் மட்டும்தான். பெரியாள், சித்தாள் என்ற தமிழை ரோமன் எண்ணில் எழுதியதுபோல.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம், நம் மரபில் பெண்ணுக்கு மரியாதை உண்டு என்று ஆரம்பிப்பவர்களுக்காக ஒரு கல்வெட்டு. செய்யாறு எங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலையில் பிறந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அந்தத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையின், அதாவது ஆஸ்பத்திரியின், சம்பளப் பட்டியலையே தருகிறது. மருந்துச் செடி பறித்து, விறகு கொண்டுவந்து உதவும் ஆட்கள் இருவர். அவர்களுக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு குறுணி நெல், அதாவது எட்டு நாழி. நோயாளிகளைக் கவனித்து மருந்து காய்ச்சும் பெண்கள் இருவர். அவர்களுக்கு ஆளுக்கு நான்கு நாழி. வருஷக் கணக்கில் முதல் இருவருக்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் 1 காசும். நெல்லிலும் சரி பாதி, காசிலும் சரி பாதி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கணக்கு இவ்வளவு துல்லியம்.

அதே பட்டியலில் நாவிதருக்கு வருஷத்துக்கு 15 கலம். அதாவது அந்தப் பெண்களில் ஒருத்தி வாங்கிய அதே நெல். இதையும் மறைக்கக் கூடாது. ஆண் என்பதற்காக எல்லா ஆணுக்கும் குறுணி கிடைத்துவிடவில்லை. ஊர் யாரைக் கீழே வைத்திருந்ததோ அவரெல்லாம் நாலு நாழிக்காரர்கள். இன்றைக்கும் கட்டடத்துக்குச் சட்டி தூக்க வரும் பெண்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், நிலம் உள்ள வீடா இல்லாத வீடா என்று பார்த்தால், பெண் கூலி என்பது பெண் என்பதற்கான கழிவு மட்டும் இல்லை என்று புரியும்.

வேலைக்குப் பெயர் வைப்பதில்தான் சண்டை என்பதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள், எனக்குத் தெரிந்து, இங்கிலாந்தின் டாகன்ஹாமில் ஃபோர்டு ஆலையில் கார் சீட்டுக்கு உறை தைத்த பெண்கள். 1968இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் மூன்று வாரம் நடந்து கார் உற்பத்தியையே நிறுத்தியது. அதன் விளைவாகத்தான் 1970இல் அங்கே சம ஊதியச் சட்டம் வந்தது என்று புத்தகங்களில் கொண்டாடுவார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது முதலில் அதுவே இல்லை. தையல் என்பது திறன் உள்ள வேலை, எங்களை ‘பி’ வகுப்பில் போட்டது தப்பு, ‘சி’ வகுப்பில் போடு என்பதுதான் அவர்கள் கேட்டது. சமாதானப் பேச்சில் கூலியை ஆண்களின் ‘பி’ வகுப்புக் கூலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், வகுப்பை மாற்றவில்லை. வகுப்பு மாற 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. கூலியை உயர்த்துவதைவிட, அவர்களுக்குத் திறமை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது நிர்வாகத்துக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. பதினாறு வருஷம்.

இப்போது நம் ஊரில் சம ஊதியத்தை எதிர்ப்பவர்கள் சொல்வதற்கு வருவோம். ‘ஊதிய இடைவெளி என்பதே கட்டுக்கதை. பெண்கள் குறைந்த நேரம் உழைக்கிறார்கள், சுலபமான தொழிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிள்ளை பெற்றதும் ஒதுங்குகிறார்கள், அதுதான் காரணம்.’ இது அமெரிக்காவில் நடந்த விவாதத்தின் மிச்சம். அங்கேயே இது முழு உண்மை இல்லை. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியது, இன்றைய அமெரிக்க இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, முதல் குழந்தைக்குப் பிறகு விரிகிறது, எந்நேரமும் கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பவருக்கு விகிதத்துக்கு மேல் கொட்டிக் கொடுக்கும் வேலைகளில் அது அதிகம் என்பதை. மிகப் பெரிய உழைப்பு அது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே இரண்டு தரப்பும் சண்டை போடுவதில் எனக்கு ஆட்சேபம் உண்டு. நம் சித்தாள் குழந்தை பெற்றதும் ஒதுங்குவதில்லை. வேப்ப மரத்திலோ சாரக் கட்டையிலோ தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுச் சட்டி தூக்குகிறாள். குழந்தைக்கு முன்பும் பின்பும் அவள் கூலி ஒன்றுதான், கீழே இறங்க அதற்கு இடமில்லை. வக்கீலாகலாமா டீச்சராகலாமா என்று அவள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ‘தேர்வு’ என்ற சொல்லை வைத்து வாதிடுபவர் எந்தெந்த வேலைகள் அவள் முன்னால் வைக்கப்பட்டன என்று முதலில் சொல்ல வேண்டும்.

அப்படி வேறு ஒரு வேலையை முன்னால் வைத்தால் என்ன நடக்கும்? அதற்கு விடை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம், நாம் சொல்லும் நூறு நாள் வேலை, 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. அன்று கூலி 80 ரூபாய். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. ஏரி தூர்வாருவதும் வரத்துக் கால்வாய் வெட்டுவதும்தான் வேலை, அதாவது மேஸ்திரி கணக்கில் ஆம்பளை வேலை. வெட்டிய மண்ணை அளந்து கொடுத்ததால் பலருக்கு முழு 80 கிடைக்கவில்லை என்பது வேறு கதை. 2025-26இல் அது 336 ரூபாயாக ஆகியிருந்தது. இத்தனை வருஷமாகத் தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான்.

ஏன் பெண்கள்? ‘உட்கார்ந்து கதை பேசத்தான்’ என்று ஒரு பதில் எல்லா டீக்கடையிலும் இலவசமாகக் கிடைக்கும். எனக்கு அதைவிட எளிமையான விடை தெரிகிறது. ஒரே கூலியை இருவர் முன்னாலும் வைத்தார்கள். ஆண்களுக்கு அது வெளியில் கிடைப்பதைவிடக் குறைவு, அவர்கள் வரவில்லை. பெண்களுக்கு அது களை வேலையில் கிடைப்பதைவிட அதிகம், திரண்டு வந்தார்கள். யார் திரண்டார்கள் என்பதே வெளியில் எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்பதற்கு அளவுகோல். தனியாக ஒரு சர்வே நடத்தியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு எழுந்த ஒப்பாரியையும் கவனியுங்கள்: ‘நூறு நாள் வேலை வந்ததிலிருந்து களை எடுக்க ஆள் கிடைக்கலை.’ ஆள் கிடைக்காமல் போகவில்லை. அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. சின்ன விவசாயிக்கு நெல் விலை கட்டுப்படியாகாத துன்பம் உண்மையானது, அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த விலைக்கும் செலவுக்கும் நடுவில் விழுந்த துண்டைப் பெண் கூலி என்ற பெயரில் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஆரணிப் பட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. சேலைக்கு இவ்வளவு என்று நெசவுக் கூலி. தறியில் உட்காருபவர் பெரும்பாலும் வீட்டு ஆண். தார் சுற்றுவது, அறுந்த இழையைச் சேர்ப்பது, பாவுக்கு உதவுவது எல்லாம் மனைவியும் மகளும். சேலைக் கூலியில் அதற்குத் தனி வரி கிடையாது. சித்தாளுக்காவது பாதியோ முக்காலோ என்று ஒரு தொகை உண்டு, இங்கே ஒப்பிடுவதற்கே ஒன்றுமில்லை. இதைச் சம ஊதியச் சட்டத்தில் எந்தப் பிரிவின் கீழ் கொண்டுபோவது?

1976ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. 2019இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘அதே வேலை அல்லது அதே தன்மையுள்ள வேலை’ என்ற சொற்றொடர் அப்படியே புதிய சட்டத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் வராமல் போனது ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் 1987இல் ஒரு திருத்தம் செய்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பெண்ணைப் பாகுபடுத்தக் கூடாது என்று பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். புதிய சட்டத்தில் அந்த மூன்று சொற்களும் இல்லை, ‘வேலை நிலைமைகள்’ என்ற பொதுச் சொல் இருக்கிறது. பொதுச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கும் என்று வக்கீல்கள் வாதாடலாம், அடங்கட்டும். ஆனால் சித்தாள் விஷயத்தில் கூலியைவிட முக்கியமான சொல் ‘பயிற்சி’தான் என்று நினைப்பவனுக்கு அந்த இடம் காலியாகத் தெரிகிறது.

பெண்ணால் கொத்தனார் வேலை முடியுமா என்று இன்னும் கேட்பவர்கள் ஜார்க்கண்டைப் பார்க்கலாம். தூய்மை இந்தியா திட்டத்தில் குறித்த நாளுக்குள் கழிப்பறை கட்ட ஆண் கொத்தனார்கள் போதாமல் போனபோது, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ‘ராணி மிஸ்திரி’ என்று பெயரும் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கரணை பிடித்தார்கள், சுவர் நேராகத்தான் நின்றது. அவர்களுக்கு மிஸ்திரி என்று பெயர் வந்த அன்றே மிஸ்திரி கூலியும் கேட்க முடிந்தது. அரசாங்கத்துக்கு அவசரம் வந்தால் ஒரு பெண் எத்தனை நாளில் கொத்தனார் ஆக முடியும் என்பது அதில் தெரிந்தது.

இங்கே அந்த அவசரம் வரவில்லை. பதிலுக்கு மிஷின் வந்திருக்கிறது. முன்பெல்லாம் தளம் போடுகிற நாள் என்றால் திருவிழா மாதிரி இருக்கும். இருபது முப்பது பெண்கள் கீழிருந்து மாடிவரை வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றுவார்கள். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் கூலி, மதியம் பிரியாணி. இப்போது கிரிவலப் பாதையில் எழும்பும் பெரிய கட்டடங்களுக்கு ரெடிமிக்ஸ் லாரி வருகிறது, குழாய் வழியாக மூன்றாவது மாடிக்குப் போகிறது. சின்ன வேலைக்குக்கூட கலவை மிஷினும் லிஃப்ட் மிஷினும் வாடகைக்குக் கிடைக்கின்றன. கனம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தக் கனத்தை மிஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. இனி இருப்பது ஒரு லீவரை மேலே தள்ளுவதும் கீழே இழுப்பதும். அதற்கு ஒரு ஆப்பரேட்டர், சித்தாளைவிடக் கூடுதல் கூலியில். நான் பார்த்த வரையில் எல்லா இடத்திலும் அது ஒரு பையன்தான். சித்தாள் பக்கத்தில் நின்று மிஷினுக்குள் ஜல்லி கொட்டிக்கொண்டிருக்கிறாள்.